ஓடை வரை

வரைபடத்தைக் கழற்றி எடுத்தது ஹெஸ்டர்தான்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. கையெழுத்து வாங்கும் மனுத்தாள்கள், ஒவ்வொரு கட்டுக்கும் ஒரே ஒரு ஸ்டேப்ளர் ஊசி. நகத்தால் நெம்பியதும் வந்துவிட்டது. தாள்களின் மூலையில் இரண்டு பொடித் துளைகள் மட்டும் மிஞ்சின. தம்பி வீட்டு நடையில், கோட்டுகள் தொங்கும் கொக்கிகளுக்குக் கீழே நின்று அதைச் செய்தாள். கழற்றிய வரைபடங்களை மடித்துக் கைப்பையின் அடியில் செருகினாள். மீதித் தாள்களைத் தட்டி ஒழுங்காக்கிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள்.

வில்ஃப் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"இவ்வளவுதானா?" என்றான். "நம்ம பக்கம் இத்தனை வீடு இருக்கே. பத்தாது போலிருக்கே."

"முதல்ல இதை முடி," என்றாள் ஹெஸ்டர்.

ஆல்டர்செட் ஒரே ஊர்தான். தபால்காரருக்கும் ஒரே ஊர், பள்ளிக்கூடத்துக்கும் ஒரே ஊர். நடுவே ஓர் ஓடை போகிறது. கோடையில் கணுக்கால் நனையாமல் தாண்டிவிடலாம். ஓடைக்கு மேல்பக்கம் தேவாலயமும் கல் வீடுகளும் மதுக்கடையும். கீழ்ப்பக்கம் பெக்சைடு. போர் முடிந்ததும் அரசு கட்டி வாடகைக்கு விட்ட செங்கல் வீடுகள், வரிசை வரிசையாக. ஹெஸ்டர் பிறந்தது அங்கேதான். கால்நடை மருத்துவர் லோரிமரைக் கட்டிக்கொண்டு மேல்பக்கம் போனாள். லோரிமர் போய்ச் சேர்ந்துவிட்டார், வீடு இருக்கிறது. மேல்பக்கத்தில் அவள் மிஸஸ் லோரிமர். நெருங்கியவர்களுக்கு ஹெஸ்டர். ஹெட்டி என்று கூப்பிட ஓடையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இரண்டு பக்கமும் கெல்டர்பி நகரத்தின் பாரிஷ் கவுன்சில் என்கிற ஊராட்சி மன்றத்துக்குக் கீழே இருந்தன. கெல்டர்பிக்காரர்கள் ஆல்டர்செட்டிடமிருந்து வரியை வாங்கித் தங்கள் பூங்காவுக்குப் பூச்செடி வைக்கிறார்கள் என்பது மேல்பக்கத்தின் நெடுநாள் புகார். தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் வயலில் வீடு கட்ட ஒருவன் விண்ணப்பித்தான். கெல்டர்பி கவுன்சில் ஆட்சேபம் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டது. அன்றைக்குத்தான் புகார் முற்றியது. நமக்கென்று ஒரு கவுன்சில் வேண்டும் என்றார் டெஸ்மண்ட் கிரேல். ஓய்வு பெற்ற வழக்கறிஞர், பேச்சு எப்போதும் மெதுவாக வரும். அவர் வீட்டு வரவேற்பறையில் ஒரு குழு கூடியது. அந்தக் குழுவுக்கு ஹெஸ்டரைத் தலைவியாக்கினார்கள்.

பல வாரம் நிறுத்துப் பார்த்தார்கள். தனிக் கவுன்சில் வந்தால் வரி கூடும். வரட்டும். கடைசியில் அதே நாலு பேர்தானே நாற்காலியில் உட்காரப் போகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். நாற்காலியில் உட்காரப் போகிற நாலு பேரும் சிரித்தார்கள். புல் வெட்டுவது, பெஞ்சு, பேருந்து நிழற்குடை, நாய் அசுத்தம் போடும் தொட்டி எல்லாம் பேசியாகிவிட்டது. எல்லையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. பெக்சைடில்தான் வாக்குகள் அதிகம். பெக்சைடும் சேர்ந்தால் கவுன்சில் அவர்களுடையது. அறையிலிருந்த எல்லோருக்கும் அது தெரியும். எல்லோரும் அதைச் சொல்ல விரும்பாத ஆட்கள்.

டெஸ்மண்ட் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு சமூகம் என்றால் அதற்கென்று ஒரு முகம் வேண்டும் என்றார். இயல்பான எல்லை இருந்தால் மாவட்ட நிர்வாகம் சுலபமாக ஏற்றுக்கொள்ளும் என்றார். பிறகு நிறுத்திவிட்டுத் தன் கோப்பையைப் பார்த்தார். எல்லோரும் அவரவர் கோப்பையைப் பார்த்தார்கள். யாரோ இஞ்சி பிஸ்கட்டைக் கடிக்கும் சத்தம் கேட்டது.  அவர்கள் தன்னைப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள், தான் எங்கே பிறந்தவள் என்று தெரிந்துதான் தயங்குகிறார்கள் என்று ஹெஸ்டருக்குத் தோன்றியது.

"ஓடை இருக்கே," என்றாள்.

அறை லேசானது. மிக நல்ல யோசனை என்றார் டெஸ்மண்ட், ஏதோ அப்போதுதான் காதில் விழுந்தது போல. அவளுக்கு இன்னொரு கோப்பை தேநீர் வந்தது.

வில்ஃபுக்கு இது எதுவும் தெரியாது. அவன் கடையில் துண்டறிக்கையைப் பார்த்திருக்கிறான். நம் ஊர், நம் கவுன்சில் என்று அதில் பெரிதாக இருந்தது. அவன் கெல்டர்பிப் பேருந்து ஓட்டியவன். அந்தப் பேருந்தை நிறுத்தி, அவனையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு மனைவியும் போய்விட்டாள், லீட்ஸில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு. மிச்சம் ஒரு காய்கறித் தோட்டமும் வானொலியும்தான். ஹெஸ்டர் வரும்போதெல்லாம் ஒரு பிடி லீக்ஸ் வெங்காயத்தைத் தாளில் சுற்றிக் கொடுப்பான். பேச்சு அநேகமாக அதோடு முடிந்துவிடும்.

அவள் வரைபடத்தைக் கழற்றிய அன்று அவன் வேறு ஆளாக இருந்தான். தலை சீவியிருந்தான்.

"சொந்தமா கவுன்சில் இருந்தா சின்ன பஸ் ஒண்ணு விடலாமாமே, ஹெட்டி. ஸ்கெல்தார்ப்ல அப்படித்தான் பண்ணியிருக்காங்க. நான் சும்மாவே ஓட்டறேன். காசே வேணாம்." பிறகு, "கையெழுத்து வாங்கணும்ல? நம்ம பக்கத்தை என்கிட்ட விடு. ஒவ்வொரு கதவுக்கும் என்னைத் தெரியும்," என்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம். வில்ஃப், உங்க பக்கம் இதுல இல்ல. அவ்வளவுதான் வாக்கியம். அது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவன் சர்க்கரைக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தாள் என் பையில் இருக்கு, எடுத்துட்டு வரேன் என்று அவள் நடைக்கு எழுந்து போனாள்.

அவன் தினமும் போனான். மழையிலும் போனான் என்று கேள்விப்பட்டாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் டோரீன் பிக்கர்ட் கிழவி, இதுல சேர்ந்தா சர்ச்சுக்கு வரணுமா என்று கேட்டிருக்கிறாள். வர வேண்டாம், நாய் பீயை மட்டும் அள்ளணும் என்றானாம் வில்ஃப். இந்தக் கதை ஓடையைத் தாண்டி மேல்பக்கக் கடைக்கும் வந்து சேர்ந்தது. கடைக்காரப் பெண் அதைச் சொல்லிச் சிரித்தாள். ஹெஸ்டரும் சிரித்து வைத்தாள்.

ஒரு நாள் அவன் அவள் வீட்டுப் பின்வாசலில் நின்றான். முன்வாசலுக்கு அவன் வந்ததே இல்லை. தாள்களை ரொட்டிப் பையில் சுற்றி நனையாமல் கொண்டுவந்திருந்தான். எல்லாம் நிரம்பியிருந்தன. இடம் போதாமல் பின்பக்கத்திலும் கோடு போட்டு வாங்கியிருந்தான்.

"உங்க மேல்பக்கத்துல எத்தனை வாங்கினீங்க?" என்றான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "என்னை விடக் கம்மியாத்தான் இருக்கும். எனக்குத் தெரியும்."

அது உண்மை.

டெஸ்மண்ட் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். எல்லைக்கு உள்ளே இருப்பவர்களின் கையெழுத்துதான் செல்லும் என்றார், அவளுக்குத் தெரியாதது போல. மூலையிலிருந்த துளைகள் மேல் அவர் விரல் ஒரு கணம் நின்றது.  அவர் எதையும் கேட்கிற மனிதர் அல்ல.

"அவன்கிட்ட சொல்லணும்," என்றாள் ஹெஸ்டர்.

"சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். குடும்ப விஷயத்துல நான் தலையிட மாட்டேன்," என்றார். பிறகு தாள்களை அவள் பக்கம் நகர்த்தினார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

கூட்டத்துக்கு முந்தைய நாள் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். நடைபாலத்தில் நின்று வாக்கியத்தை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வில்ஃப் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடும் வெள்ளைச் சட்டை. கூட்டத்தில் பேருந்தைப் பற்றி நாலு வார்த்தை பேசலாமா என்று கேட்டான். சொல்லப் போவதைச் சொல்லியும் காட்டினான். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னான். நன்றாக இருந்தது. சபையோரே என்று ஆரம்பித்தான்.

அவள் லீக்ஸை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். அன்றிரவே அதைச் சமைத்தாள். முழுக்கச் சாப்பிட முடியவில்லை.

கூட்டம் ஊர்க் கூடத்தில், சனிக்கிழமை மதியம். வில்ஃப் எல்லோருக்கும் முன்பே வந்து நாற்காலிகளை விரித்துப் போட்டிருந்தான். பெக்சைடிலிருந்து வேறு யாரையும் அவன் கூட்டி வரவில்லை. எல்லோர் சார்பாகவும் தானே பேசிவிடுவதாகச் சொல்லியிருந்தானாம். முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தான். காலர் கழுத்தை இறுக்கியது தெரிந்தது. மேல்பக்கக்காரர்கள் அவனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பேருந்தில் ஏறும்போது ஆட்டிய அதே தலையாட்டல்.

டெஸ்மண்ட் வரைபடத்தைத் திரையில் போட்டார். ஆல்டர்செட் பச்சையாகத் தெரிந்தது. பச்சையைச் சுற்றித் தடித்த சிவப்புக் கோடு. கோடு தேவாலயத்தைச் சுற்றி, வயலைச் சுற்றி வந்து, ஓடையோடு சேர்ந்து போனது. அதற்குக் கீழே வெள்ளை. வெள்ளையில் பெக்சைடின் தெருக்கள் பெயர் இல்லாமல் கிடந்தன.

ஹெஸ்டர் மேடைமேல் மேசைக்குப் பின்னால் இருந்தாள். தம்பியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. கண்களைச் சுருக்கித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அறிமுகமில்லாத ஊரின் பெயர்ப்பலகையைப் படிக்கும் ஓட்டுநரைப் போல. பிறகு ஒரு விரலை மெல்ல உயர்த்தி, காற்றிலேயே சிவப்புக் கோட்டின்மேல் ஓட்டினான். ஓடைக்கு வந்ததும் விரல் நின்றது. கையை மடிமேல் வைத்துக்கொண்டான்.

பின்வரிசையில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் எழுந்தாள். எல்லை ஏன் ஓடையோடு நிற்கிறது, கீழே இருப்பவர்களும் ஆல்டர்செட்தானே என்று கேட்டாள். வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். கூடத்தில் நாற்காலிகள் நெளிந்தன. டெஸ்மண்ட் புன்னகைத்தார்.

"இதை எங்க தலைவர் சொன்னாத்தான் சரியா இருக்கும். அந்தப் பக்கத்தை அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

ஹெஸ்டர் எழுந்தாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஓடை இயற்கையான எல்லை என்றாள். பெக்சைடு மக்களின் போக்குவரத்தும் கடைத்தெருவும் கெல்டர்பியோடுதான் என்றாள். அவர்கள் தேவை வேறு, நம் தேவை வேறு என்றாள். அவர்களிடம் கேட்டீர்களா என்றாள் அந்தப் பெண்.

இதற்குப் பதில் சொல்ல அவளிடம் இரண்டு வழி இருந்தது. ரொட்டிப் பையில் சுற்றிய தாள்கள் அவள் காலடியில், கைப்பைக்குள் இருந்தன.

"அவங்களுக்கு இதுல பெரிசா ஆர்வம் இல்ல," என்றாள் ஹெஸ்டர்.

 உட்கார்ந்தாள். நாற்காலி இன்னும் கொஞ்சம் பின்னால் இருந்திருந்தால் விழுந்திருப்பாள்.

டெஸ்மண்ட் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். பேருந்து குறித்து திரு. வில்ஃப் ஸ்டப்ஸ் பேச விரும்புவதாக இருக்கிறதே என்றார். அவள்தான் அவன் பெயரை அதில் சேர்த்திருந்தாள். சேர்க்காமல் இருக்கத் தைரியம் வரவில்லை.

வில்ஃப் எழுந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். கூடம் காத்திருந்தது. அவன் இப்போது சொல்லப் போகிறான் என்று ஹெஸ்டர் நினைத்தாள். சொல்லட்டும் என்றுகூட நினைத்தாள். எத்தனை கதவு தட்டிக் கையெழுத்து வாங்கி, யார் கையில் கொடுத்தேன் என்று அவன் ஒரே வரியில் சொன்னால் போதும். எல்லாம் முடிந்துவிடும். அவளுக்கு அது நிம்மதியாகக்கூட இருக்கும்.

"பஸ்ஸைப் பத்தி ஏதோ சொல்ல வந்தேன்," என்றான் வில்ஃப். "அதை விடுங்க. நான் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆளு. இது உங்க கூட்டம். நாற்காலி போட வந்தவன்னு வச்சுக்கங்க."

கூடம் சிரித்தது. நல்ல மாதிரியான சிரிப்புதான். வில்ஃப் எப்போதும் வேடிக்கையான ஆள் என்று யாரோ சொன்னார்கள். அவன் உட்கார்ந்து காலர் பொத்தானைக் கழற்றினான்.

மனுவை அனுப்பலாமா என்று கை தூக்கச் சொன்னார் டெஸ்மண்ட். கைகள் உயர்ந்தன. ஹெஸ்டர் தூக்கவில்லை. தலைவி தூக்க வேண்டியதில்லை என்பது வழக்கம். அதனால் அதை யாரும் கவனிக்கவில்லை. புதிதாக வந்த பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் எதிர்த்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ அவள் தோளைத் தட்டி, நீங்க விளக்கின விதம் பிரமாதம் என்றார்கள்.

கூடம் காலியானதும் வில்ஃப் நாற்காலிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தான். அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து எதிர் வரிசையிலிருந்து மடித்தாள். இரும்பு நாற்காலிகள். ஒவ்வொன்றும் ஓர் அடி விழுந்தது போலச் சத்தத்தோடு மூடியது. இருவரும் நடுவில் சந்தித்தார்கள்.

"வில்ஃப்."

"அந்தத் தாளெல்லாம் எங்க இருக்கு?"

"என்கிட்டதான் இருக்கு."

"குடு."

கைப்பையைத் திறந்தாள். தாள்களை எடுக்கும்போது மடித்த வரைபடங்களும் சேர்ந்து வந்தன. அவற்றை அவள் வெளியே எடுத்திருக்கவே இல்லை. வில்ஃப் ஒன்றை விரித்தான். ஒரு தாளின் மூலையோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். துளைகள் பொருந்தின. அவன் தலையை ஆட்டிக்கொண்டான், ஏதோ ஒரு கணக்குச் சரியாக வந்துவிட்டது போல.

"நான் உனக்கு ஆகாதவனா இருந்தா பரவால்ல, ஹெட்டி," என்றான். "அது எனக்குப் பழக்கம். இவங்க என்னை நம்பிப் போட்டாங்க. டோரீன் கண்ணாடியைத் தேடி எடுத்துட்டு வந்து கையெழுத்துப் போட்டா."

"நான் சொல்லத்தான் நினைச்சேன். முந்தாநேத்து... நேத்து வந்தேன்."

"தெரியும். லீக்ஸ் வாங்கிட்டுப் போன."

அவள் நின்றாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் அது இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

"இதைத் திருப்பிக் கொண்டுபோகணும்," என்றான் வில்ஃப். "வீடு வீடா. இல்லேன்னா நான்தான் ஏமாத்தினேன்னு ஆகும்."

"நானும் வரேன்."

"எதுக்கு? மேல இருந்து வந்து மன்னிப்புக் கேட்டாங்கன்னு பெருமை அடிச்சுக்கவா?"

"இல்ல."

"அப்புறம்?"

அவள் கைப்பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள். வில்ஃப் கடைசி நாற்காலியை அடுக்கின்மேல் சாத்தினான். சட்டைக் கைகளை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"சரி, வா," என்றான். "ஆனா நீதான் பேசணும். நான் பேசினது போதும்."

நடைபாலத்தை ஒருவர் பின் ஒருவராகத் தாண்டினார்கள். ஓடையில் தண்ணீர் குறைவாக இருந்தது. யாரோ வீசிய, பால் பாட்டில் அடுக்கும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று கல்லில் சிக்கிக் கிடந்தது. முதல் வீடு டோரீனுடையது. வில்ஃப் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். ஹெஸ்டர் கதவைத் தட்டினாள். பள்ளிக்கூடம் போகும் வயதில் இதே கதவை எத்தனையோ முறை தட்டி ஓடியிருக்கிறாள். இப்போது ஓட முடியாது.

"அட, ஹெட்டி," என்றாள் டோரீன். "செருப்பை விடு, உள்ள வா. கெட்டில் போட்டிருக்கேன்."

ஹெஸ்டர் வாசலிலேயே நின்று சொன்னாள். எல்லையைச் சொன்னாள், ஓடையைச் சொன்னாள். எல்லை ஓடையோடு நிற்கட்டும் என்று முதலில் சொன்னது தான்தான் என்றும் சொன்னாள். வில்ஃபுக்கு அது தெரியாது. அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். வரைபடத்தைக் கழற்றியதைச் சொன்னாள். கூட்டத்தில் தான் சொன்ன கடைசி வாக்கியத்தையும் சொன்னாள். அதைச் சொல்லத்தான் அதிக நேரம் பிடித்தது.

டோரீன் கேட்டுக்கொண்டிருந்தாள். கெட்டில் விசில் அடித்தது. உள்ளே போய் அதை அணைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என் பேரு எங்க இருக்கு?"

வில்ஃப் தாளைக் காட்டினான்.

"பேனா இருக்கா? நான் போட்டதை நான்தான் அடிக்கணும். இன்னொருத்தர் அடிக்கக் கூடாது."

ஹெஸ்டரின் பையில் பேனா இருந்தது. டோரீன் தாளைக் கதவுநிலையில் வைத்து அழுத்திக்கொண்டு, தன் பெயரின்மேல் நேராக ஒரு கோடு போட்டாள்.   பேனாவை ஹெஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தாள். திட்டவில்லை. உள்ளே வரும்படி மறுபடி கூப்பிடவும் இல்லை.

"உங்க அம்மா இருந்திருந்தா," என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "போங்க. மழை வரும் போலிருக்கு." கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

தெருவில் இருபுறமும் கதவுகள் வரிசையாக இருந்தன. எல்லாப் பெயரும் அந்தத் தாள்களில் இருந்தன. ஹெஸ்டர் பேனாவை மூடியால் மூடப் போனாள். பிறகு மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அடுத்தது ஹாட்ஜ்," என்றான் வில்ஃப். "அவன் வாய்க்கு வந்தபடி பேசுவான்."

"பேசட்டும்."

 அவன் அடுத்த கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டான். அவள் முன்னால் போனாள்.